கிலோமீட்டரைக் கேட்காதீர்கள்

சென்னைக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவரிடம் நாலு பதில் இருக்கும். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 270 கிலோமீட்டருக்குக் கிட்டத்தில். சித்தூர், கோலார் வழியாகக் காரில் போனால் சுமார் 330. வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகத் தேசிய நெடுஞ்சாலையில் போனால் ஏறக்குறைய 350. சென்ட்ரலில் ரயில் ஏறினால் 360. நாலும் சரியான கணக்குத்தான். ஆனால் நாலையும் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் எத்தனை மணிக்கு வீட்டுக் கதவைப் பூட்ட வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிகளுக்கு டிராவல் டெஸ்க் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் இந்த வழித்தடத்தைப் பற்றித்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. டெல்லிக்குக் காரில் போகலாமா என்று எவரும் கேட்பதில்லை. காஞ்சிபுரத்துக்கு எவரும் ஃப்ளைட் கேட்பதில்லை. பெங்களூரு இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில் இருப்பதால் காரா, விமானமா என்ற கேள்வி தினமும் வருகிறது. பல வருஷமாக டிக்கெட்டுகளையும் டிரைவர்கள் எழுதித் தரும் டிரிப் ஷீட்டுகளையும் பார்த்ததில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது: இந்தப் பயணத்தில் எது சீக்கிரம் என்பதை நடுவில் கிடக்கும் தூரம் தீர்மானிப்பதில்லை. எந்த வாசலிலிருந்து கிளம்புகிறீர்கள், எந்த வாசலில் போய் இறங்கப் போகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு மணி ஐந்து நிமிடம், ஒரு மணி பத்து நிமிடம் என்று அதில் அச்சாகியிருக்கும். புறப்படும் நேரம் என்று போட்டிருப்பது சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரம் அன்று. நிறுத்திவைத்த இடத்திலிருந்து விமானம் நகர்த்தப்படும் நேரம். வந்து சேரும் நேரமும் அப்படித்தான்: அந்த ஊரில் விமானம் தன் இடத்தில் போய் நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம். மணிக்கு 830 கிலோமீட்டர் போகக்கூடிய ஏர்பஸ் 270 கிலோமீட்டரைக் கடக்க இருபது நிமிடம் போதும். இறக்கைக்கு முன்னால் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 என்று வைத்தாலும் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று நிமிடம். அப்படியானால் மிச்சமுள்ள நேரம் எங்கே போகிறது? ஓடுபாதை வரை ஊர்ந்து போவதில், முறைக்குக் காத்திருப்பதில், மேலே ஏறுவதில், இறங்குவதற்கு வரிசை பிடிப்பதில், இறங்கிய பின் மறுபடி ஊர்ந்து வருவதில் போகிறது. இவ்வளவு குட்டையான வழித்தடத்தில் ஜெட் விமானம் தன் முழு வேகத்தில் பறக்கிற நேரமே கொஞ்சம்தான். போதாததற்கு, கால அட்டவணை போடும்போதே நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டித்தான் போடுகின்றன. பதினைந்து நிமிடத்துக்குள் தாமதமானால் ‘நேரத்துக்கு வந்தது’ என்றே கணக்கு. அதற்கும் மேலே இந்தக் கூட்டல். ஆக, டிக்கெட்டில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பகுதி தரையைச் சுற்றித்தான் செலவாகிறது.

அதற்கு முன்னும் பின்னும் சேர்க்க வேண்டியவை இருக்கின்றன. உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். கேட் மூடுவது இருபத்தைந்து நிமிடம் முன்பு. வெப் செக்-இன் செய்துவிட்டேனே என்பார்கள். கையில் ஒரே ஒரு பை இருந்தால் அது உதவும். பெட்டி இருந்தால் உதவாது. பாதுகாப்புச் சோதனை வரிசை எவ்வளவு நீளம் என்பதை வீட்டிலிருந்தபடி யாராலும் கணிக்க முடியாது. அதனால் ஒன்றேகால் மணி நேரம் முன்பாக வாசலில் நிற்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. திங்கட்கிழமைக் காலை என்றால் ஒன்றரை. இறங்கின பிறகு பாலம் கிடைத்தால் அதிர்ஷ்டம், பஸ் கிடைத்தால் இன்னும் பத்து நிமிடம், பெல்ட்டில் பெட்டி வர வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம். அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றையும் கூட்டினால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. இந்த மூன்று மணி யாருக்கும் மாறுவதில்லை. இதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் சாலைப் பயணம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

எப்படி மாறுகிறது என்று பார்க்க, ஒரே ‘சென்னை–பெங்களூரு’ பயணத்தை இரண்டு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். கிண்டியில் இருக்கும் ஒருவர் ஹெப்பாளில் ஒரு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கிண்டியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு மெட்ரோ இருக்கிறது. 2016-ல் விமான நிலையம் வரை அது ஓடத் தொடங்கியதிலிருந்து சென்னைப் பக்கத்தில் நேரம் நிச்சயமாகிவிட்டது. வீட்டிலிருந்து கணக்கிட்டால் அரை மணி. கெம்பேகவுடா விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளிப் பக்கம், ஹெப்பாளும் வடக்கேதான். வெளியே வந்து வண்டி ஏறினால் இன்னொரு அரை மணி, முக்கால் மணி. மொத்தம் நாலு மணி சொச்சம். அதே ஆள் காரில் கிளம்பினால் பூந்தமல்லி நெரிசலில் தொடங்கி, ஓசூர் ரோட்டில் ஊருக்குள் நுழைந்து, பெங்களூரைத் தெற்கிலிருந்து வடக்காக முழுதும் குறுக்கே கடந்தாக வேண்டும். ஆறரை, ஏழு மணி ஆகும். இங்கே விமானத்தோடு போட்டியே இல்லை.

இரண்டாவது ஆள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். போக வேண்டியது ஓசூரில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலைக்கு. கம்பெனிக் கணக்கில் இதையும் ‘சென்னை–பெங்களூரு’ என்றே எழுதுவார்கள், டிக்கெட்டும் அப்படியே கேட்பார்கள். இவர் முதலில் பெங்களூரு இருக்கும் திசைக்கு நேர் எதிராக ஒரு மணி நேரம் ஓட்டி மீனம்பாக்கம் வர வேண்டும். பிறகு நான் சொன்ன அந்த மூன்று மணி. இறங்கிய இடத்திலிருந்து ஓசூர் 75 கிலோமீட்டருக்குக் குறையாது; அதுவும் பெங்களூரைச் சுற்றிக்கொண்டோ ஊடுருவிக்கொண்டோ தெற்கே வர வேண்டும், இரண்டு மணிக்கு மேல். ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது. நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையிலேயே போயும் ஆயிற்று. தொழிற்சாலை வாசலில் காரில் ஏறி அப்படியே மேற்கே பார்த்து விட்டிருந்தால் 270 கிலோமீட்டர். ஆம்பூரில் சாப்பிட நிறுத்தினாலும் ஐந்து மணி. தரைவழியாக வருகிறவருக்குப் பெங்களூரு தெற்கே அத்திப்பள்ளியில் தொடங்குகிறது, ஆகாய வழியாக வருகிறவருக்கு வடக்கே தேவனஹள்ளியில் தொடங்குகிறது என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் இந்த வித்தியாசம் முழுதும் விளங்கிவிடும். எலெக்ட்ரானிக் சிட்டி காரில் வருகிறவருக்கு முதலில் வரும் இடம். விமானத்தில் வருகிறவருக்குக் கடைசியில் வரும் இடம். கிண்டியிலிருந்து அங்கே போவதற்கு விமானமும் காரும் ஐந்தேகால், ஐந்தரை, ஆறு என்று அக்கம்பக்கமாக நிற்கும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையத்துக்கு டிராப் போன வண்டிகளின் டிரிப் ஷீட்டைப் பார்த்தால் போதும். கிளம்பிய கிலோமீட்டர், முடிந்த கிலோமீட்டர், கிளம்பிய நேரம், முடிந்த நேரம், டோல், பார்க்கிங், பேட்டா என்று கட்டம் கட்டமாக இருக்கும் அந்தத் தாளில் 55 கிலோமீட்டருக்கு எதிரே சாயங்கால நேரத்தில் இரண்டு மணி, இரண்டேகால் மணி என்று எழுதியிருப்பார்கள். சென்னையிலிருந்து வந்த விமானத்தின் பறக்கும் நேரத்தைப்போல் அது மூன்று மடங்கு.

வாசல்தான் தீர்மானிக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய சான்று 2008. அந்த வருஷம் மே மாதம்வரை பெங்களூரு விமானங்கள் ஊருக்குள்ளேயே, எச்.ஏ.எல். நிலையத்தில் இறங்கின. மே மாதக் கடைசியில் எல்லாம் தேவனஹள்ளிக்குப் போயின. டிக்கெட்டில் இருந்த நிமிடங்கள் ஏறக்குறைய மாறவில்லை, விமானம் மாறவில்லை, வான்வழித் தூரமும் பெரிதாக மாறவில்லை. ஆனால் இந்திரா நகரிலும் கோரமங்களாவிலும் இருந்தவர்களுக்குச் சென்னை ஒரே ராத்திரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போனது. பழைய நிலையத்துக்கு அரை மணியில் போய்க்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். ஹெப்பாள், எலஹங்கா பக்கத்துக்காரர்களுக்கோ சென்னை கிட்டே வந்தது. நடுவில் ஒன்றும் நடக்காமல், ஒரு முனையை நகர்த்தியதாலேயே இரண்டு ஊருக்கும் உள்ள தொலைவு ஒருவருக்குக் கூடி இன்னொருவருக்குக் குறைந்தது. சென்னையிலும் இது நடக்கலாம். 2022-ல் அறிவித்த பரந்தூர் விமான நிலையம் வந்தால், அது நகரத்திலிருந்து 70 கிலோமீட்டர் அளவில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மீனம்பாக்கத்தையும் மூடப்போவதில்லை என்பது நல்லது. ஆனால் என்றைக்காவது பெங்களூரு விமானங்களைப் பரந்தூருக்கு மாற்றினால், அதில் ஏறப் போகிறவர் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே ஐந்தில் ஒரு பங்கு தூரம் ஓட்டிவிட்டுத்தான் விமானத்தில் ஏறுவார். அதற்கப்புறம் தேவனஹள்ளி. அந்தப் பயணத்தை எந்த மனிதர் எதற்காகச் செய்வார் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த வாதத்துக்கு மறுப்பாக முதலில் வருவது எக்ஸ்பிரஸ்வே. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொஸ்கோட்டே வரை சுமார் 260 கிலோமீட்டர், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்காகப் போடும் சாலை. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டியது. கர்நாடகத்துக்குள் வரும் பகுதியில்தான் வண்டிகள் முதலில் ஓடத் தொடங்கின. முழுதும் திறந்துவிட்டால் இரண்டேகால், இரண்டரை மணி நேரத்தில் பெங்களூரு, அப்புறம் விமானம் எதற்கு என்கிறார்கள். அந்தச் சாலை பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டேகால் மணி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஹொஸ்கோட்டேக்கும் உள்ள நேரம். திருவான்மியூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வர ஒன்றரை மணி ஆகும் நாள் உண்டு. ஹொஸ்கோட்டே நகரத்துக்குக் கிழக்கே, கே.ஆர். புரத்துக்கு வெளியே, அங்கிருந்து ஜெயநகருக்கு இன்னொரு ஒன்றரை மணி ஆகலாம். நடுவில் உள்ளது சுருங்கச் சுருங்க, மொத்த நேரத்தில் முனைகளின் பங்கு வளர்ந்துகொண்டே போகும். ஒயிட்ஃபீல்டுக்காரருக்கு எக்ஸ்பிரஸ்வே வரம். எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர் பழைய கிருஷ்ணகிரி வழியிலேயே வந்துகொண்டிருப்பார் என்பது என் ஊகம்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. சாலையில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது, விமானம் என்றால் ஒரு நேரம் என்று இருக்கிறது என்பது. சராசரி நேரத்தைவிட நிச்சயமான நேரம் முக்கியம் என்ற அளவில் நான் இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கோர்ட்டில் வாய்தா, விசா நேர்காணல் என்று வருகிறவர்களுக்குச் சராசரியால் பயனில்லை. அமெரிக்க விசாவுக்காகப் பெங்களூரிலிருந்து அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகத்துக்கு வந்து நிற்கிறவர்களை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தாமதம் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாலையில் தாமதம் சரிவு மாதிரி, விமானத்தில் படிக்கட்டு மாதிரி. சாலையில் இருபது நிமிடம் பிந்திக் கிளம்பினால் இருபது நிமிடம் பிந்திப் போவீர்கள். பள்ளிகொண்டா டோலில் பத்து நிமிடம் நின்றால் பத்து நிமிடம். கவுன்ட்டருக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனால் இழப்பது ஐந்து நிமிடம் இல்லை, அடுத்த விமானம்வரை உள்ள அத்தனை நேரமும், டிக்கெட் காசும். கடைசி விமானமாக இருந்தால் ஒரு ராத்திரி. டிசம்பர், ஜனவரி காலைகளில் தேவனஹள்ளியில் பனிமூட்டம்; போகி அன்று காலை மீனம்பாக்கத்தில் புகை; 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. சாலைக்கும் அப்படி நாள்கள் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது தமிழ்நாட்டு வண்டிகள் ஓசூரோடு நின்றன. இரண்டில் எது நிச்சயம் என்று கேட்டால், அன்றாடம் நிச்சயம் அதிகம் எதில் என்றே பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று: ரயில்.

விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் வீணில்லை, லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கலாமே என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். நாலு மணி நேர விமானப் பயணம் என்பது கார், வரிசை, டிரே, கேட், இருக்கை, பெல்ட், மறுபடி கார் என்று ஏழு துண்டாக வெட்டின நேரம். அதில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஓர் அறிக்கையை முழுதாகப் படிக்க ஒரு துண்டு கிடைத்தால் பெரிது. 2022 நவம்பர் 11 அன்று, பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தைத் திறந்துவைத்த அதே நாளில், மைசூரு–சென்னை வந்தே பாரத் ரயிலுக்கும் கொடியசைத்தார்கள். சென்ட்ரலிலிருந்து பெங்களூரு நிலையத்துக்கு அது சுமார் நாலரை மணி எடுக்கிறது. அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும் சதாப்தி ஐந்து மணி அளவில் போகிறது. ரயில் நிலையம் இரண்டு ஊரிலும் ஊருக்கு நடுவில் இருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இரண்டிலும் மெட்ரோ வாசலிலேயே நிற்கிறது. வேகம் குறைந்த வண்டி முனைகள் நல்லதாக இருப்பதாலேயே வேகமான வண்டிக்குச் சமமாக வருகிறது. மயிலாப்பூரிலிருந்து மல்லேஸ்வரத்துக்குப் போகிறவருக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். சீட் கிடைக்க வேண்டும், அது வேறு கதை.

சாலையின் ஆபத்தைச் சொல்கிறவர்களிடம் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். வணிக விமானப் பயணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. நேரக் கணக்கில் கார் ஜெயிக்கும் இடத்திலும், பகலெல்லாம் ஓட்டிய டிரைவரை வைத்துக்கொண்டு அதே ராத்திரி திரும்பி வருவதானால், நான் அதைப் பயண யோசனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ராத்திரி தங்க ரூம் போடுங்கள், இல்லை ரயிலில் போங்கள் என்றுதான் சொல்வோம். ஆனால் விமானத்தைத் தேர்ந்தவரும் சாலையிலிருந்து தப்பித்துவிடுவதில்லை. அந்த ஸ்ரீபெரும்புதூர் ஆள் விமானத்தில் போயும் நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில்தான் போகிறார், அதிலும் விடிவதற்கு முன் கிளம்பிய அரைத் தூக்க டிரைவரோடு.

மேப் செயலிதான் எல்லாம் சொல்கிறதே, நீங்கள் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. சாலைப் பயணத்துக்கு அது வாசலிலிருந்து வாசலுக்கு நேரம் காட்டும். விமானத்தை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு மணி சொச்சம் என்று டிக்கெட் நேரத்தைத்தான் காட்டும். ஒன்று முழுக் கணக்கு, இன்னொன்று கால் கணக்கு. இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவர் விமானத்தை எடுப்பதில் வியப்பில்லை. கம்பெனிகளின் பயண விதிகளிலும் இதே கோளாறு. இத்தனை கிலோமீட்டருக்கு மேல் விமானம், அதற்குள் கார் அல்லது ரயில் என்று ஓர் எண்ணைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு வந்து சென்னை–பெங்களூரில் வைத்தால், எந்தத் தூரத்தைப் பார்ப்பது, 270-ஐயா 350-ஐயா என்பதிலேயே கணக்குப் பிரிவுக்கும் பயணம் செய்கிறவருக்கும் சண்டை. கிலோமீட்டருக்குப் பதிலாக, எந்தப் பின்கோடிலிருந்து எந்தப் பின்கோடுக்கு என்றும், கதவிலிருந்து கதவுக்கு எத்தனை மணி என்றும் விதியை எழுதிவிட்டால் அந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் அறிவித்த ஓசூர் விமான நிலையத்தைப் பற்றிய விவாதமும் அடிப்படையில் இதேதான். வரைபடத்தில் பார்த்தால் தேவனஹள்ளிக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு நிலையம் எதற்கு என்று தோன்றும். தேவனஹள்ளியில் இறங்கி ஓசூருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் போகிறவர்களைக் கேட்டால் எதற்கு என்று தெரியும். பெங்களூரு நிலையத்தின் ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையம் வருவதற்கு 2033 வரை தடை இருக்கிறது; அந்த விதியிலும் தூரத்தைக் கிலோமீட்டரில்தான் அளந்திருக்கிறார்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டிராவல் டெஸ்க்குக்கு மெயில் போடும்போது ‘சென்னை டு பெங்களூரு, 14-ஆம் தேதி, காலை ஃப்ளைட்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஏரியாவிலிருந்து கிளம்புகிறீர்கள், எந்த ஏரியாவில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும், பெட்டி உண்டா, அன்றே திரும்ப வேண்டுமா என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். எதில் போவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.